எஞ்சினைப் படித்தவர்

கோயம்புத்தூர் என்றதும் பஞ்சாலைகளும் வார்ப்படச் சாலைகளும் நீரேற்று மோட்டார்களும் நினைவுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த கொங்கு மண்ணில், ஆழக் கிணறு வெட்டியே பெரும்பாலும் வேளாண்மை செய்ய முடிந்தது. கவலை ஏற்றமும் கமலை மாடும் ஒரு காலத்தில் நீர் இறைத்தன. பின்னர் அந்த வேலையை எஞ்சினும் மின்மோட்டாரும் ஏற்றன. நீருக்கே கருவியை நாட வேண்டியிருந்த கொங்கு உழவர்கள், கருவிகளோடு நெருங்கிப் பழகியவர்கள் ஆனார்கள். அத்தகைய உழவர் குடியொன்றில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு.

‘இந்தியாவின் எடிசன்’ என்று அவரை அழைப்பர். மின்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, வாக்குப் பதிவுப் பொறி என்று அவர் உருவாக்கியவற்றை எண்ணிப் பார்த்தால் அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும், அவர் வாழ்வின் பெரும்பகுதியை அப்பெயர் மறைத்துவிடுகிறது. புதியன கண்டறிவதற்கு நெடுநாள் முன்பே, பிறர் செய்த எஞ்சினைப் பழுதின்றி ஓட்டவும் பேணவும் கற்றவர் அவர். பேருந்து ஓட்டுநராகவும் பழுதுநீக்குநராகவும் பணிமனையில் பெற்ற அறிவே அவருடைய பிற்காலப் பணிகளுக்கெல்லாம் அடித்தளமாக இருந்தது.

பள்ளியை விட்ட சிறுவன்

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபாலசாமி. இளமையிலேயே தாயை இழந்த அவர், உறவினர் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வீசிவிட்டு ஓடினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தொடக்கக் கல்வியோடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. படிப்பதை மட்டும் அவர் விட்டுவிடவில்லை. கைக்குக் கிடைத்த தமிழ் நூல்களைத் தாமாகவே படித்தார்; பிற்காலத்தில் தொழில்நுட்ப நூல்களையும் தேடிச் சேர்த்தார்.

இளைஞராக இருந்தபோது, ஆங்கிலேய வருவாய் அலுவலர் ஒருவர் ஓட்டி வந்த ‘ரட்ஜ்’ என்னும் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடோ குதிரையோ இல்லாமல் தானே ஓடும் வண்டி, கிராமத்தார் பலருக்கு வியப்பைத் தந்தது; துரைசாமிக்கோ அதன் உள்ளே என்ன நிகழ்கிறது என்னும் கேள்வியைத் தந்தது. அந்த வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்பிக் கோயம்புத்தூருக்குச் சென்றார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறுநராக வேலைக்குச் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்கினார்.

அன்றைய 300 ரூபாய் பெருந்தொகை. அவ்வளவு பணத்தைக் கொடுத்து வாங்கிய வண்டியில் ஏறி ஊர் சுற்றுவதே எவருக்கும் முதலில் தோன்றும். அவரோ அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். ஒவ்வொன்றும் எதனோடு சேர்கிறது, ஏன் சேர்கிறது என்று பார்த்தபின் மீண்டும் பூட்டினார். விளக்கிச் சொல்ல ஆசிரியர் இல்லை. தவறாகப் பூட்டினால் வண்டி ஓடாது. அதுவே அவருக்கு வாய்த்த தேர்வு. சிலிண்டர், பிஸ்டன், வால்வு, கார்புரேட்டர் ஆகியவற்றை அவர் அறிமுகம் செய்துகொண்டது இவ்வாறுதான்.

இடையில் பருத்தித் தொழிலிலும் ஈடுபட்டார். முதல் உலகப்போர்க் காலத்தில் திருப்பூரில் அத்தொழிலால் பொருள் ஈட்டினார். பின்பு பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் ஈட்டியதை இழந்தார். ஊர் திரும்பியவரிடம் மிஞ்சியிருந்தது எஞ்சினைப் பற்றிய அறிவு மட்டுமே.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

கோயம்புத்தூரின் தொழில் முன்னோடிகளுள் ஒருவர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ். 1862இல் அந்நகரில் பள்ளி ஒன்றைத் தொடங்கியவரும் அவரே. துரைசாமியின் ஆர்வத்தை அறிந்த ஸ்டேன்ஸ், பேருந்து ஒன்றைக் கடனுக்குக் கிடைக்கச் செய்தார். 1920ஆம் ஆண்டு அப்பேருந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இருக்கையில் உரிமையாளரே அமர்ந்திருந்தார்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இன்று ஒன்றரை மணி நேரப் பயணம். அன்றைய சாலையோ தார் காணாதது. புழுதியும் பள்ளமும் நிறைந்தது. பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் வணிகரும், பழனிக்குச் செல்லும் அடியாரும் மூட்டைமுடிச்சுகளுடன் ஏறினால் வண்டி தாங்கும் எடைக்கு மேலும் சுமக்க நேரும். வெயிற்காலத்தில், மெதுவாக, நிறைசுமையுடன் நெடுந்தூரம் ஓடும் எஞ்சின் எதிர்கொள்ளும் முதற்பகை வெப்பம். இதைச் சற்று விரிவாக அறிந்தால்தான் அந்நாளில் பேருந்துத் தொழில் நடத்துவது எத்தகைய வேலை என்பது விளங்கும்.

எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு வெப்பப்பொறி. எரிபொருள் எரியும்போது பிறக்கும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அக்காலத்துப் பெட்ரோல் எஞ்சின்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறியது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறியது. மற்றொரு பகுதி சிலிண்டரின் சுவரைச் சூடாக்கி, அதைச் சுற்றியுள்ள நீருக்குச் சென்றது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2000 பாகை செல்சியசைத் தாண்டும். அலுமினியம் 660 பாகையில் உருகும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1200 பாகையில் உருகும். அப்படியிருந்தும் எஞ்சின் உருகாமல் நிற்பது எவ்வாறு? எரிதல் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியே நீடிக்கிறது. அடுத்த கணமே சூடான வாயு வெளியேறிப் புதிய, குளிர்ந்த கலவை உள்ளே வருகிறது. உலோகம் ஏற்ற வெப்பத்தை நீர் எடுத்துச் சென்றுவிடுகிறது. இந்த இரண்டு வழிகளும் அடைபடாத வரை எஞ்சினுக்கு ஆபத்தில்லை.

நீர்வழியைக் காப்பது ரேடியேட்டர். மெல்லிய குழாய்களில் சூடான நீர் இறங்க, குழாய்களைச் சுற்றியுள்ள தகடுகளின் ஊடே காற்று பாய்ந்து நீரைக் குளிர்விக்கும். அக்கால வண்டிகள் பலவற்றில் நீரைச் செலுத்தத் தனிப் பம்பு கிடையாது. சூடான நீர் மேலே எழும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்னும் இயற்கை விதியை நம்பியே சுழற்சி நடந்தது. நீர்மட்டம் சிறிது குறைந்தாலும் சுழற்சி நின்றுவிடும். ரேடியேட்டர் கொதித்து ஆவி பீறிடும். வழியில் கிணற்றையோ வாய்க்காலையோ கண்டால் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவது ஓட்டுநரின் அன்றாடக் கடமை. கொங்கு நாட்டுக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புச் சுவையுடையது. அந்நீர் கொதிக்கக் கொதிக்க, வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோலக் குழாயின் உட்புறத்தில் வெண்ணிறப் படிவு ஏறும். படிவு தடிக்கும்போது நீரின் வழி குறுகும். உலோகத்தின் வெப்பம் நீரைச் சேர்வதும் குறையும். ரேடியேட்டரில் நீர் நிறைந்திருந்தும் எஞ்சின் கொதிக்கும் புதிருக்கு இதுவே விடை.

புகைவழி இன்னும் நுட்பமானது. வெளியேற்று வால்வு திறக்கும்போது செந்தழலின் வெப்பமுடைய வாயு அதன் விளிம்பை உரசிக்கொண்டு செல்கிறது. வால்வு தன் இருக்கையில் சரியாக அமராமல் மயிரிழை இடைவெளி இருந்தாலும், அந்த இடைவெளி வழியே தழல் சீறி விளிம்பை அரித்துவிடும். அன்றைய வண்டிகளில் தீப்பொறி எழும் நேரத்தை ஓட்டுநரே ஒரு நெம்புகோலால் மாற்றினார். தீப்பொறி காலம் தாழ்ந்து எழுந்தால் எரிதலும் தாழும். பிஸ்டனைத் தள்ளுவதில் செலவாக வேண்டிய வெப்பம் புகையோடு போகும். வண்டியின் இழுவை குறையும்; புகைக்குழாயோ இருட்டில் சிவந்து ஒளிரும். குழாயின் நிறத்தையும், எஞ்சினின் ஓசையையும், புகையின் மணத்தையும் கொண்டே நோயறிந்தனர் அந்நாளைய ஓட்டுநர்கள். வெப்பநிலைமானி வண்டியில் இல்லாத காலத்தில் கண்ணும் காதும் மூக்குமே அளவுகருவிகள்.

யு. எம். எஸ்.

ஒற்றைப் பேருந்து சில ஆண்டுகளில் பல பேருந்துகளாகப் பெருகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்பது நிறுவனத்தின் பெயர். மக்கள் அதை யு. எம். எஸ். என்றே அழைத்தனர். நாட்டின் மிகத் திறமையான பேருந்து நிறுவனங்களுள் ஒன்று என்று அது பெயர் பெற்றது. பேருந்து வாங்குவதற்குப் பணம் போதும். வாங்கிய பேருந்து நாள்தோறும் குறித்த நேரத்தில் புறப்பட வேண்டுமானால் பணிமனை வேண்டும். எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கப்பலில் வந்துசேர வேண்டிய காலம் அது. ஒரு ரேடியேட்டர் துளைபட்டு, மாற்று வருவதற்குள் பேருந்து மாதக்கணக்கில் நின்றால் தொழில் என்னாவது?

இக்கேள்விக்கு நாயுடு கண்ட விடை, தேவையானதைத் தாமே செய்துகொள்வது. அவருடைய தொழிற்குழுமத்தில் யுனிவர்சல் ரேடியேட்டர் தொழிற்சாலை ஓர் உறுப்பு. கோயம்புத்தூர் டீசல் புராடக்ட்ஸ், கோயம்புத்தூர் ஆர்மச்சூர் வைண்டிங் ஒர்க்ஸ், கார்பன் இண்டஸ்ட்ரீஸ், யு. எம். எஸ். ரேடியோ தொழிற்சாலை, கோபால் கடிகாரத் தொழிற்சாலை என்பன வேறு சில. இப்பெயர்களைப் பார்த்தால் அவருடைய சிந்தனை சென்ற வழி புலப்படும். ரேடியேட்டர் எஞ்சினைக் குளிர வைப்பது. ஆர்மச்சூர் மின்மோட்டாரின் உயிர். கார்பன் துண்டு அந்த மோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்துவது. கடிகாரம் பேருந்தின் ஒழுங்கைக் காப்பது. கண்ணைக் கவரும் பொருள்களைவிட, தேய்ந்துபோய் மாற்ற வேண்டிய உறுப்புகளிலேயே அவருடைய கவனம் முதலில் பதிந்தது.

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. 1937ஆம் ஆண்டு, தொழில்முனைவர் தா. பாலசுந்தரத்துடன் இணைந்து பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் வாயிலாக மின்மோட்டார் ஒன்றை நாயுடு வெளிக்கொணர்ந்தார். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. மோட்டார் தொழிலுக்குக் கோவை இன்று பெற்றிருக்கும் பெயருக்கு அது ஒரு தொடக்கம்.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. தமிழகத்துப் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. வண்டியின் பின்புறம் பொருத்திய உலையில் மரக்கரியை எரித்து, அதிலிருந்து எழும் வாயுவை எஞ்சினுக்குச் செலுத்துவர். உலையிலிருந்து வரும் வாயு சாம்பல் கலந்தது, கொதிப்பது. அதை வடிகட்டிக் குளிர வைத்த பின்பே எஞ்சினுக்குள் விட வேண்டும். சூடான வாயு விரிந்து இடத்தை அடைத்துக்கொள்வதால் சிலிண்டருக்குள் எரியக்கூடிய பொருள் குறைந்துவிடும். வண்டி ஏற்றத்தில் திணறும். வெப்பத்தை உரிய இடத்தில் வைத்திருப்பதே எஞ்சின் காக்கும் கலை என்பதைக் கரி பஸ் ஓட்டிய தலைமுறை கைப்பட அறிந்தது.

டீசலின் வழி

நாயுடு பிறந்த அதே 1893ஆம் ஆண்டில்தான் ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல், வெப்பத்தை வீணாக்காத எஞ்சினைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவ்வாண்டே ஆக்ஸ்பர்க் நகரில் முதல் சோதனையையும் நடத்தினார். 1897இல் சோதிக்கப்பட்ட அவருடைய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியாகவே வேலையாக மாற்றிக் காட்டியது. நீராவிப் பொறிகள் அதில் பாதியைக்கூட எட்டுவது அரிதாக இருந்த காலம் அது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளிழுத்து மிக வலிதாக அழுத்தினால் அதன் வெப்பநிலை 500 பாகைக்கு மேல் உயர்கிறது. அதில் எண்ணெயைத் தூவியதும் தானே பற்றிக்கொள்கிறது. இந்தியாவில் விடுதலைக்குப் பின் இவ்வகை எஞ்சின்களே லாரிகளை ஆண்டன. 1954இல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்துடன் இணைந்து லாரி செய்யத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் அசோக் லேலண்ட் வளர்ந்தது. கொங்கு நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றன. நாமக்கல்லில் கட்டப்பட்ட லாரிகள் இந்தியாவின் எல்லா நெடுஞ்சாலைகளிலும் ஓடுகின்றன.

பெட்ரோல் எஞ்சினுக்கு நீர்வழி முதற்கவலை என்றால், சுமை ஏற்றிய டீசல் எஞ்சினுக்குப் புகைவழி முதற்கவலை. டீசல் எஞ்சினில் எண்ணெயை எவ்வளவு கூட்டித் தூவுகிறோமோ அவ்வளவுக்குப் புகையின் வெப்பம் ஏறும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளை நிறைசுமையோடு ஏறும் லாரியை எண்ணிப் பார்க்கலாம். ஓட்டுநர் கியரைக் குறைக்காமல் முடுக்கியை மட்டும் அழுத்தினால், எஞ்சின் மெதுவாகச் சுழலும். உள்ளே வரும் காற்று போதாது. எண்ணெயோ மிகுதியாகப் பாயும். புகை கருக்கும். வெளியேறும் வாயு 600, 700 பாகையை எட்டும்போது அலுமினியப் பிஸ்டனின் தலைப்பகுதி வலுவிழக்கும், வால்வு கருகும், சிலிண்டர் தலையில் விரிசல் விழும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருந்தாலும், சைலன்சரில் கரி அடைத்திருந்தாலும் இதே விளைவுதான். ரேடியேட்டர் நீரின் சூட்டைக் காட்டும் முள் அப்போதும் நடுவிலேயே நிற்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள பேராபத்து. நீர் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி ஓட்டுநர் ஏமாறுவார்.

இக்கால லாரிகளில் வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சிறு சுழலியை இயக்கி, எஞ்சினுக்கு மிகுதியான காற்றை ஊட்டுகிறார்கள். டர்போ என்று பணிமனைகளில் சொல்லப்படுவது அதுவே. வீணாகும் வெப்பத்திலிருந்து வேலை வாங்கும் அருமையான உத்தி. ஆனால் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்று வரை சுழலக்கூடிய அதன் அச்சு, எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. மலையேறி வந்த லாரியை உடனே அணைத்துவிட்டால் எண்ணெய் ஓட்டம் நின்றுபோகும். தேங்கிய எண்ணெய் சூட்டில் கருகி அச்சைப் பற்றும். எனவே அனுபவமுள்ள ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தியதும் இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பிறகே அணைப்பார்கள். தேநீர்க் கடை முன் நின்று உறுமிக்கொண்டிருக்கும் லாரியைக் கண்டு எண்ணெய் வீணாகிறதே என்று நினைப்போர் உண்டு. அந்த இரண்டு நிமிட எண்ணெய், ஒரு டர்போவின் விலையைக் காக்கிறது.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி. எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இக்கலைக்குப் புதிய திருப்பம் தந்தன. புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, அத்துகளை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகை சூடாகவே இருக்க வேண்டும். முன்பு குறைக்கப் பாடுபட்ட வெப்பத்தை, இப்போது சில வேளைகளில் வேண்டுமென்றே கூட்ட வேண்டியிருக்கிறது.

கல்விக்கூடமும் கார் உரிமமும்

1944இல் தம் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து நாயுடு விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலத்திட்டங்கள் ஆகியவற்றுக்குப் பொருள் வழங்கினார். அடுத்த ஆண்டு, அவர் அளித்த நன்கொடையால் கோயம்புத்தூரில் பொறியியல் கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரைத் தாங்கிய அக்கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதன் முதல்வர் பொறுப்பையும் நாயுடு ஏற்றார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானார்.

அப்பொறுப்பில் அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலத்தை வீணடிப்பது என்பது அவர் கருத்து. கருவிகளோடு நேரடியாகப் பழகும் வகையில் குறுகிய காலப் பயிற்சிகளை அவர் முன்வைத்தார். அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகினார். குறுகிய காலத்தில் பொறியாளரை உருவாக்கிவிட முடியும் என்பது மிகையே. ருடால்ஃப் டீசலுக்கு வெப்ப இயக்கவியல் என்னும் கணக்கறிவு இல்லாமல் அந்த எஞ்சின் தோன்றியிருக்காது. அது வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கற்கப்பட்டது. ஆனால் எஞ்சினைக் கழற்றிப் பார்க்காமலேயே எஞ்சினைப் பற்றிய தேர்வில் வெல்ல முடிகிறதே என்னும் அவருடைய குறை, அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் பல இடங்களில் உண்மை.

அவர் உருவாக்கிய பொருள்களின் விலையைக் கவனித்தால் அவருடைய நோக்கம் தெளிவாகும். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை 2000 ரூபாய் விலையில் உருவாக்கிக் காட்டினார். தொழிற்சாலை தொடங்கவும் உற்பத்தியைப் பெருக்கவும் அரசின் உரிமம் கட்டாயம் என்னும் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது. மூலதனத்தையும் இரும்பையும் அரிய வளங்களாகக் கருதிய புதிய அரசு, அவற்றைத் தான் திட்டமிட்ட துறைகளுக்கே ஒதுக்க விரும்பியது. அந்தக் கொள்கைக்கு அதற்கே உரிய காரணங்கள் இருந்தன. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய சிறிய கார், இந்தியச் சாலைகளில் பெருமளவில் ஓடத் தொடங்கியது 1980களில்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் கொங்கு நாட்டுப் பணிமனைகள் என்னென்ன கற்றிருக்கக்கூடும் என்று கணக்கிட வழியில்லை.

வரிச்சுமையும் கட்டுப்பாடுகளும் தம்மைப் போன்றோரின் முயற்சியை முடக்குவதாகக் கருதிய நாயுடு, 1950களில் தாம் உருவாக்கிய பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். அச்செயலைப் பாராட்டியோரும் உண்டு, வருந்தியோரும் உண்டு. முதல் மோட்டார் சைக்கிளை மீண்டும் பூட்டுவதற்காகவே கழற்றிய கைகள், செய்து முடித்த கருவிகளை உடைக்கத் துணிந்தன என்றால், உள்ளத்தில் எத்தகைய கசப்பு இருந்திருக்க வேண்டும்!

கசப்பு அவரைச் செயலற்றவராக்கவில்லை. தம் தோட்டத்தில் பருத்தி, பப்பாளி, சோளம் முதலியவற்றில் ஆய்வுகள் செய்தார். சர் சி. வி. இராமனும் பொறியாளர் விசுவேசுவரய்யாவும் அத்தோட்டத்தைப் பார்வையிட்டனர். ஒளிப்படக் கலையிலும் அவருக்குப் பேரார்வம் இருந்தது. வெளிநாடுகள் பலவற்றுக்குச் சென்று கண்டவற்றைப் படம்பிடித்தார். செல்லும் இடங்களிலிருந்து கருவிகளை வாங்கி வந்தார். 1967இல் கோயம்புத்தூரில் தொழிற்காட்சிச் சாலை ஒன்றை நிறுவினார். விலையுயர்ந்த பொறிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துவைக்காமல், அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதை இளைஞர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், தம் 80ஆம் வயதில் ஜி. டி. நாயுடு காலமானார். அவர் சேர்த்த பொருள்கள் அவிநாசி சாலையிலுள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. உலகின் பல நாட்டுக் கார்களைக் கொண்ட ஜீடி கார் அருங்காட்சியகமும் அதே சாலையில் உள்ளது. அச்சாலையின்மேல் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட உயர்மட்ட மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபோது, தமிழ்நாடு அரசு அதற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் என்று பெயரிட்டது.